வேரைப் பார்த்து வளர்க்கும் செடி

ஆர்க்கிட் வளர்க்கிறேன் என்று சொன்னதும் வரும் முதல் கேள்வி, "இப்போ பூத்திருக்கா?" என்பதுதான். பூத்திருந்தால் படம் கேட்பார்கள். இல்லையென்றால் பேச்சு அங்கேயே நின்றுவிடும். எனக்கோ பூ இல்லாத மாதங்களில்தான் அந்தச் செடியிடம் பார்க்க நிறைய இருக்கிறது. அடித்தண்டின் தோலைப் பிளந்துகொண்டு கடுகளவு பச்சை முனை ஒன்று எட்டிப் பார்க்குமே, அந்த நாள் எனக்குப் பூ மலரும் நாளைவிடப் பெரிய நாள். வேர் வந்துவிட்டால் இலை வரும், இலை தேறினால் பூ தானாக வரும். வேர் அழுகிய செடியிலும் சில சமயம் பூ நிற்கும். அது இலையில் மிச்சமிருக்கும் கையிருப்பைக் கரைத்துக்கொண்டு நிற்கிற பூ.

நான் பேசப்போவது ஃபெலனாப்சிஸ் பற்றி. கடைகளில் அதிகம் கண்ணில் படும் ஆர்க்கிட் இதுதான். தடித்த அகலமான நாலைந்து இலைகள், இலையிடுக்கிலிருந்து கிளம்பி வளைந்து நீளும் பூந்தண்டு, அதில் வரிசையாகத் தட்டையான பெரிய பூக்கள். இதை வாங்கிய பலரும் பூ உதிர்ந்த சில மாதங்களில் செடியையும் இழந்துவிடுகிறார்கள். அப்புறம் "ஆர்க்கிட் நமக்கு ஒத்துவராது" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். உண்மையில் இது வீட்டுக்குள் பல வருடம் வாழக்கூடிய செடி. அதன் வேர் எந்த இடத்துக்காக உண்டானது என்று தெரிந்துகொண்டால் போதும், பாதி வேலை முடிந்த மாதிரி.

உலகில் ஏறக்குறைய 28,000 ஆர்க்கிட் இனங்கள் இருக்கின்றன. பத்தில் ஏழு மண்ணைத் தொடாமல் மரத்தின் மேல் வாழ்பவை. இவற்றைத் தொற்றுத்தாவரங்கள் என்பார்கள். மரத்தில் உட்கார்ந்திருப்பதால் மரத்தின் சாற்றை உறிஞ்சுகிறது என்று நினைத்துவிடக் கூடாது. மரத்திடம் இது வாங்கிக்கொள்வது இடம் மட்டும்தான். தண்ணீர் மழையிலிருந்தும் பனியிலிருந்தும் வருகிறது. சத்து, பட்டை வழியே வழியும் மழைநீரில் கரைந்து வருவதும் இடுக்குகளில் மக்கிக் கிடக்கும் இலைதழையும்தான். ஃபெலனாப்சிஸ் இனங்கள் இமயமலை அடிவாரத்திலிருந்து தென்கிழக்கு ஆசியா, பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா வழியாக வட ஆஸ்திரேலியா வரை பரவிக் கிடக்கின்றன. அங்கே மழை சட்டென்று பெய்து நனைக்கும். மழை விட்டதும் காற்று வந்து காயவைத்துவிடும். செடியும் நம் தொட்டியில் நிற்பது போல நிமிர்ந்து நிற்காது. கிளையின் பக்கவாட்டிலிருந்து தலை சாய்ந்து தொங்கும். அதனால் இலைகளுக்கு நடுவில் உள்ள குருத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடத் தங்காது. நாம் அதை நிமிர்த்தி வைத்து மேலிருந்து தண்ணீர் ஊற்றுகிறோம், குருத்து அழுகுகிறது. தண்ணீர் விட்டபின் மெல்லிய தாளின் முனையை முறுக்கிக் குருத்துக்குள் விட்டு ஈரத்தை ஒற்றி எடுப்பது எனக்குப் பழகிய வேலை. ஃபெலனாப்சிஸுக்கு வளரும் முனை ஒன்றே ஒன்றுதான். அது போனால், அடியிலிருந்து குட்டி ஏதாவது முளைத்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை.

சரி, வேருக்கு வருவோம்.

காய்ந்திருக்கும்போது ஃபெலனாப்சிஸ் வேரைக் கையில் எடுத்துப் பாருங்கள். பென்சில் பருமன் இருக்கும், வெள்ளி பூசினாற்போல ஒரு சாம்பல் வெளுப்பு. அதன் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். சொட்டு விழுந்த இடம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பச்சையாக மாறும். அந்தப் பச்சை இரண்டு பக்கமும் பரவும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு இது அலுக்கவில்லை. வேரின் வெளிப்புறத்தில் வெலாமன் என்றொரு உறை இருக்கிறது. முழுக்க இறந்த செல்களால் ஆன உறை. காய்ந்த நேரத்தில் அந்தச் செல்களுக்குள் காற்று மட்டும் இருக்கும், அதனால் ஒளி சிதறி வெள்ளையாகத் தெரியும். தண்ணீர் பட்டதும் சில நொடிகளில் உறிஞ்சி நிரம்பிவிடும், உறை கண்ணாடி மாதிரி ஆகிவிடும். உள்ளே இருக்கும் உயிருள்ள பச்சைத் திசு அப்போதுதான் வெளியே தெரிகிறது. ஆமாம், இந்த வேரில் பச்சையம் இருக்கிறது. வெளிச்சம் பட்டால் வேரும் உணவு தயாரிக்கும். ஃபுளோரிடாவிலும் கியூபாவிலும் வளரும் பேய் ஆர்க்கிட் இந்த வழியில் கடைசி வரை போய்விட்டது. அதற்கு இலை என்று சொல்லும்படி எதுவும் கிடையாது. மரத்தில் ஒட்டிய வேர்களே எல்லா வேலையையும் பார்த்துக்கொள்கின்றன.

நனைந்த வேரை இன்னும் கொஞ்சம் கிட்டே வைத்துப் பார்த்தால், பச்சைக்கு நடுவே அங்கங்கே வெள்ளைப் புள்ளிகளும் சிறு கோடுகளும் நனையாமல் நிற்பது தெரியும். முதலில் பார்ப்பவர்கள் பூசணம் என்று பயப்படுவார்கள். பயப்பட ஒன்றுமில்லை. உறை முழுவதும் தண்ணீர் நிரம்பிய நேரத்திலும் உள்ளிருக்கும் திசு மூச்சுவிட வேண்டுமே, அதற்காக வேரே விட்டுவைத்திருக்கும் காற்று வழிகள் அவை. நாலு நிமிட மழையில் நனையும்போதும் மூச்சுக்கு வழி வைத்துக்கொள்கிற வேரை, ஈரம் வடியாத தொட்டிக்குள் நாள் கணக்கில் பூட்டி வைத்தால் என்ன ஆகும்?

என்ன ஆகும் என்பதை ஐரோப்பா பெரும் செலவு செய்து கற்றுக்கொண்டது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெப்பமண்டல ஆர்க்கிட்டுகள் கப்பல் கப்பலாக இங்கிலாந்துக்குப் போயின. வெப்பமண்டலம் என்றால் புழுக்கம், இருட்டு, ஓயாத ஈரம் என்று அங்கே நினைத்தார்கள். காற்றே நுழையாத சூடான கண்ணாடிக் கூடங்களில் நீராவி பொங்கப் பொங்க வளர்த்தார்கள். செடிகள் கூட்டம் கூட்டமாக மடிந்தன. அந்த நூற்றாண்டின் பெரிய ஆர்க்கிட் அறிஞர் ஜான் லிண்ட்லியின் ஆரம்பகால அறிவுரைகளே இந்தப் புழுக்க முறைக்கு வலு சேர்த்தன. 1830-களில் இங்கிலாந்தின் சாட்ஸ்வொர்த் மாளிகைத் தோட்டத்தைக் கவனித்துவந்த ஜோசப் பாக்ஸ்டன் வேறு வழியில் போனார். செடிகளை அவற்றுக்கு ஏற்ற வெப்பநிலைப்படி தனித்தனிக் கூடங்களாகப் பிரித்தார், காற்றோட்டம் கொடுத்தார், தண்ணீர் வடிய வழி செய்தார். செடிகள் பிழைத்தன. இன்று வீட்டில் ஆர்க்கிட் இழக்கும் பலர் அந்தப் பழைய கண்ணாடிக் கூடத்தைத்தான் ஒரு சின்னத் தொட்டிக்குள் கட்டிவைத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றும்.

போன முறை ஒரு செடி வாங்கியபோது நடந்ததைச் சொல்கிறேன். இரண்டு தண்டு நிறையப் பூ, இலையில் ஒரு குறை இல்லை. வீட்டுக்கு வந்ததும் தொட்டியைக் கழற்றினேன். வெளிச்சுற்றில் மரப்பட்டைத் துண்டுகள், பார்க்க நன்றாகவே இருந்தன. நடுவில் மட்டும் எலுமிச்சை அளவுக்கு ஒரு பாசி உருண்டை. நாற்றாக இருந்தபோது வைத்த உருண்டை அது, அப்படியே அடுத்த தொட்டிக்கு மாற்றியிருக்கிறார்கள். விரலால் அழுத்தினால் பழுப்புத் தண்ணீர் கசிந்தது, மக்கிய வாடை. அதற்குள் இருந்த வேரைப் பிடித்து மெல்ல இழுத்தேன். மேல்தோல் உறை போலக் கழன்று என் விரலோடு வந்துவிட்டது, உள்ளே நூல் மாதிரி நரம்பு மட்டும் செடியில் தொங்கியது. அழுகிய வேருக்கு இதைவிடத் தெளிவான அடையாளம் கிடையாது. நல்ல வேர், எந்த நிறத்தில் இருந்தாலும், அழுத்தினால் கெட்டியாக இருக்கும். தொட்டிக்குள் வெளிச்சம் படாமல் வளர்ந்த வேர் மஞ்சளாகவோ வெளிர்பழுப்பாகவோ இருக்கலாம், அதை அழுகல் என்று வெட்டிவிடாதீர்கள். நிறத்தை நம்ப வேண்டாம், விரலை நம்புங்கள்.

அந்த உருண்டையைத் தண்ணீரில் ஊறவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிய்த்து எடுத்தேன். நெருப்பில் காட்டி ஆறவைத்த கத்தரிக்கோலால், மெத்தென்று ஆன வேர்களை நல்ல திசு வரும்வரை வெட்டினேன். வெட்டு வாயில் லவங்கப்பட்டைத் தூளைத் தொட்டு வைக்கும் வழக்கம் உண்டு. தூள் ஈரத்தை இழுத்துவிடும், அதனால் வெட்டிய முனையில் மட்டும் தொடுங்கள், வேர் முழுக்கத் தூவினால் நல்ல வேரும் சுருங்கிப்போகும். அதன் பிறகு செய்ததுதான் பலருக்கும் மனசு வராத வேலை: இரண்டு பூந்தண்டையும் அடியோடு வெட்டி ஜாடியில் வைத்துவிட்டேன். வேர் பாதி போன செடி பூவையும் சுமந்துகொண்டு வேரையும் வளர்க்க முடியாது.

தொட்டி விஷயத்தில் நான் பிடிவாதக்காரன். ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தொட்டி, அடியிலும் பக்கவாட்டிலும் நிறைய ஓட்டை. அழகான பீங்கான் தொட்டி வேண்டுமென்றால் இதை அதற்குள் இறக்கி வையுங்கள், ஆனால் நேராக அதில் நடாதீர்கள். ஒளி ஊடுருவும் தொட்டியால் வேருக்கு வெளிச்சம் கிடைக்கிறது என்பதைவிட, நமக்கு வேர் தெரிகிறது என்பதுதான் எனக்கு முக்கியம். உள்ளே நிரப்ப மரப்பட்டைத் துண்டு, கரித்துண்டு, தேங்காய் மட்டைத் துண்டு எல்லாமே உதவும். துண்டுகளுக்கு இடையில் காற்று நிற்க வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. மட்டைத் துண்டில் உப்பு இருக்கும், பலமுறை தண்ணீர் மாற்றி ஊறவைத்த பிறகே பயன்படுத்த வேண்டும். தோட்ட மண்ணும் தூளான தென்னை நார்க் கழிவும் வேண்டவே வேண்டாம். பட்டையும் காலப்போக்கில் மக்கி, தூளாகி, காற்று வழியை அடைத்துவிடும். ஒன்றரை, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுவது நல்லது. தொட்டி பெரிதாக இருந்தால் செடி வேகமாக வளரும் என்ற எண்ணம் இந்தச் செடியிடம் எடுபடாது. வேர்க்கொத்து நெருக்கமாகக் கொள்ளும் அளவு போதும், பெரிய தொட்டியின் நடுப்பகுதி காயவே காயாது.

தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை? இந்தக் கேள்விக்கு எண்ணில் பதில் சொல்பவர்களை நான் நம்புவதில்லை. வெயில், காற்று, தொட்டி, கலவை, நீங்கள் இருக்கும் இடத்தின் ஈரப்பதம் எல்லாம் சேர்ந்துதான் அதை முடிவு செய்யும். தொட்டிக்கு உள்ளே தெரியும் வேர்கள் பச்சையாக இருந்தால் விட்டுவிடுங்கள். வெளுத்துவிட்டால் ஊற்றுங்கள். தொட்டியின் உள்சுவரில் ஆவித்துளி படிந்திருந்தால் இன்னும் ஒரு நாள் பொறுக்கலாம். ஊற்றும்போது கஞ்சத்தனம் கூடாது: ஓட்டைகள் வழியாகத் தண்ணீர் ஓடி வெளியேறும்படி நன்றாக ஊற்றி, முழுக்க வடியவிட வேண்டும். காலையில் ஊற்றினால் இரவுக்குள் இலையிடுக்கு காய்ந்துவிடும். சிலர் வாரத்துக்கு மூன்று பனிக்கட்டி வைத்தால் போதும் என்பார்கள். வெப்பமண்டலச் செடிக்குப் பனிக்கட்டியா என்று எனக்கும் எரிச்சல் வந்ததுண்டு. ஓஹையோ, ஜார்ஜியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-இல் வெளியிட்ட ஆய்வில், பட்டைக் கலவையில் வளர்ந்த ஃபெலனாப்சிஸ்களுக்கு அதனால் தீங்கு தெரியவில்லை. எனவே வேர் குளிரில் செத்துவிடும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனாலும் பனிக்கட்டி உருகி ஓர் ஓரத்தை மட்டும் நனைக்கும், தங்கிய உப்பை அடித்துக்கொண்டு போகாது. எனக்கு மழை மாதிரி முழுக்க நனைப்பதுதான் பிடித்திருக்கிறது.

உரத்தைப் பொறுத்தவரை, டப்பாவில் எழுதியிருக்கும் அளவில் கால் பங்கு, வளரும் பருவத்தில் வாரத்துக்கு ஒருமுறை. மாதத்துக்கு ஒரு தடவையாவது வெறும் தண்ணீரை ஓடவிட்டு மிச்ச உப்பைக் கழுவிவிட வேண்டும். வேர் முனை கருகி, பட்டைத் துண்டுகளின் மேல் வெள்ளையாகப் பொரிந்திருந்தால் உப்பு தங்கிவிட்டது என்று பொருள். மழைநீர் கிடைத்தால் அதற்கு மேல் வேறொன்றும் வேண்டாம்.

வெளிச்சம் பற்றி நிறைய எழுதலாம், நான் சுருக்கமாகச் சொல்கிறேன். திறந்தவெளி நண்பகல் வெயில் ஒரு லட்சம் லக்ஸ் என்றால் இதற்கு வேண்டியது 10,000 முதல் 15,000 வரைதான். காலை இளவெயிலோ, திரைச்சீலை வழியாக வரும் வெளிச்சமோ சரியாக இருக்கும். இலை அடர்கரும்பச்சையாகி நீண்டு தொங்கினால் வெளிச்சம் போதவில்லை. மஞ்சளோடியோ, ஓரம் சிவந்தோ போனால் அதிகம். வெயில் படும் இலையைத் தொட்டுப் பார்க்க வேண்டும். கை உணரும்படி சுட்டால் அந்த இடம் சீக்கிரமே வெளுத்துக் கருகும். இந்தச் செடி பகலில் இலைத்துளைகளை மூடிவைத்து, இரவில் திறந்து கரியமில வாயுவை எடுத்துச் சேமித்துக்கொள்கிறது, கள்ளிகள் பல செய்வது போல. பகல் முழுதும் துளைகள் மூடியிருப்பதால் இலை தன்னைக் குளிர்வித்துக்கொள்ளவும் வழி குறைவு.

பூ வரவில்லை என்று கேட்பவர்களில் பலருக்குச் செடி நன்றாகவே இருக்கும். குறை வெப்பநிலையில் இருக்கும். ஃபெலனாப்சிஸ் 28 டிகிரிக்கு மேலேயே இருந்துகொண்டிருந்தால் இலையாக விட்டுக்கொண்டே போகும். பகலில் 25, இரவில் 20 என்ற அளவுக்குச் சில வாரங்கள் தொடர்ந்து இறங்கினால்தான் பூந்தண்டு கிளம்பும். குளிர்ந்த பருவம் தொடங்கும்போது இரவில் ஜன்னல் பக்கமாக நகர்த்தி வைத்தாலே பலருக்கு வேலை முடிந்துவிடும். வருடம் முழுக்க வெக்கை குறையாத இடத்தில் இருப்பவர்கள் ஃபெலனாப்சிஸோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. வட ஆஸ்திரேலியாவின் டென்ட்ரோபியம் பிகிப்பம் என்ற ஆர்க்கிட் வழியில் வந்த கலப்பினங்கள் வெக்கையிலேயே பூக்கும். நல்ல வெயிலும் காற்றும் கிடைக்குமென்றால் வாண்டா என்ற ஆர்க்கிட் வகை இன்னும் பொருத்தம், கூடையில் வெறும் வேராகவே தொங்கவிடலாம். இலையடுக்கிலிருந்து கிளம்புவது வேரா பூந்தண்டா என்று முதலில் குழப்பம் வரும். வேரின் முனை வழவழப்பாக உருண்டிருக்கும். பூந்தண்டின் முனை கொஞ்சம் தட்டையாக, ஒரு பக்கம் மடிப்போடு இருக்கும், மேல்நோக்கிப் போகும். தண்டு தெரிந்த நாளிலிருந்து முதல் பூவுக்கு மூன்று மாதம் போலப் பிடிக்கும். பொறுமையாக இருந்தால் அந்தப் பூ இரண்டு, மூன்று மாதம் நிற்கும். பக்கத்தில் பழுத்த பழங்களை மட்டும் வைக்காதீர்கள், அவை விடும் எத்திலீன் வாயுவில் மொட்டு உதிர்ந்துவிடும்.

ஒரு சின்னத் தொட்டியில் இந்தச் செடி நம் கைக்கு வந்து சேர்ந்ததே பெரிய கதை. ஆர்க்கிட் விதை தூசி போன்றது. ஒரு காய்க்குள் லட்சக்கணக்கில் இருக்கும். ஆனால் நெல்லிலும் பயறிலும் இருப்பது போல முளைக்குத் தேவையான உணவு அதற்குள் கிடையாது. பல ஆண்டுகள் யாருக்கும் அதை ஒழுங்காக முளைக்கவைக்கத் தெரியவில்லை. 1899-இல் பிரான்சைச் சேர்ந்த நோயல் பெர்னார், விதைக்குள் ஒரு பூஞ்சை புகுந்து உணவூட்டினால்தான் அது முளைக்கிறது என்று கண்டுபிடித்தார். 1922-இல் அமெரிக்காவின் லூயிஸ் நட்சன், பூஞ்சையே இல்லாமல் சர்க்கரை கலந்த ஊடகத்தில் முளைக்கவைத்துக் காட்டினார். 1960-இல் பிரெஞ்சு விஞ்ஞானி ஜார்ஜ் மோரெல் வளர்முனைத் திசுவிலிருந்து ஆர்க்கிட்டைப் பெருக்கும் வழியைக் காட்டினார். ஆய்வகத்தில் இத்தனை செடி உருவாகிற காலத்தில் காட்டு மரத்திலிருந்து பிய்த்து வந்த செடியை வாங்குவதில் எந்த நியாயமும் இல்லை. காட்டுச் செடி, விலங்குகளை நாடு விட்டு நாடு விற்பதைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தப் பட்டியல்களில் ஆர்க்கிட் குடும்பம் முழுவதுமே இருக்கிறது. காட்டுச் செடியை அடையாளம் காண்பதற்கும் வேர்தான் சாட்சி: வெட்டுப்பட்ட தடித்த வேர்கள், அவற்றில் இன்னும் ஒட்டியிருக்கும் மரப்பட்டை. அப்படி ஒன்றைப் பார்த்தால் வாங்காமல் வந்துவிடுங்கள், மலிவாகக் கொடுத்தாலும் சரி.

தொட்டி மாற்றும் நேரத்தையும் வேரே சொல்லும். பூ முடிந்து, அடியில் புதிய பச்சை முனைகள் கிளம்பும் சமயம்தான் சரியானது. புது வேர் ஒரு அங்குலம் தாண்டுவதற்குள் மாற்றிவிட்டால், வளரும்போதே புதுக் கலவையின் காற்றுக்கும் ஈரத்துக்கும் பழகிக்கொள்ளும். நீண்ட பிறகு மாற்றினால் முனை கைபட்டு ஒடியும். ஒடிந்த முனை வளர்வதை நிறுத்திவிடும், பின்னால் எங்காவது கிளை விட்டால்தான் உண்டு. தொட்டிக்கு வெளியே காற்றில் நீட்டிக்கொண்டிருக்கும் வேர்களைப் பார்த்து அவற்றை உள்ளே மடக்கித் திணிக்க வேண்டாம், காற்றிலேயே வளர்ந்த வேர் உள்ளே போனால் பெரும்பாலும் அழுகும். அவற்றை அப்படியே விட்டுவிட்டு, தண்ணீர் ஊற்றும் நாளில் சேர்த்து நனைத்தால் போதும். ஒருவேளை அவற்றில் ஒன்று ஜன்னல் கட்டையிலோ பக்கத்துத் தொட்டியிலோ ஒட்டிக்கொண்டுவிட்டதென்றால் இழுக்காதீர்கள், வேர் கிழியும். வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த துணியைக் கொஞ்ச நேரம் அதன் மேல் போட்டுவைத்து, மெல்லிய கத்தியைப் பலகையோடு படியவைத்து நகர்த்தினால் பெரும்பகுதி சேதமில்லாமல் வந்துவிடும்.